நாவல் கொட்டைப் பொடி இருக்க, மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 54. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறேன். இரண்டு மாதமாக நாவல் கொட்டைப் பொடியும் எடுக்கிறேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 160-லிருந்து 128 ஆகிவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். அந்த 128, மாத்திரையும் சேர்ந்து கொடுத்த அளவு. பொடி எடுக்கத் தொடங்கியதிலிருந்து சாப்பாட்டிலும் நடையிலும் கூடுதல் அக்கறை வந்ததா என்றும் யோசித்துப் பாருங்கள். பலருக்கு அப்படித்தான் நடக்கிறது.

நாவலை நான் குறைத்துப் பேச மாட்டேன். சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் மதுமேகத்துக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, அதன் கொட்டையைத்தான் முதன்மையாகச் சொல்கின்றன. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளைக் கொட்டையின் சாறு தடுப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். எலிகளிலும் சர்க்கரை குறைந்திருக்கிறது. ஆனால் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை, முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. பிரேசிலில் நாவல் இலைத் தேநீரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சர்க்கரை குறையவே இல்லை. கொட்டைக்குச் சொல்வதை இலைக்கும் பழத்துக்கும் நீட்டிவிடக் கூடாது.

பழம் சாப்பிடலாம், ஒரு கைப்பிடி அளவோடு; அதிலும் சர்க்கரை உண்டு. ரத்தம் ஊறும் என்று சாப்பிடுகிறவர்கள் அதை நம்பியிருக்க வேண்டாம், இரும்புச்சத்து அதில் குறைவு. நாக்கைப் பிடிக்கும் அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்ற பொருள். பட்டையிலும் அது நிறைய இருப்பதால்தான் பட்டைக் கஷாயத்தை வயிற்றுப்போக்குக்கும் வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கவும் பயன்படுத்தினார்கள். மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு அதுவே தொல்லை.

உங்கள் விஷயத்தில் எனக்கு உண்மையான கவலை, இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிமெபிரைடு மாத்திரைதான். அதனோடு பொடியும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே சோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சோதிக்கும் கருவி கையில் இல்லையென்றால் காத்திருக்காமல் குடித்துவிடுங்கள்.

அப்புறம், பொடி கடையில் வாங்கியதா? மூலிகைப் பொடி என்று விற்பதில் சர்க்கரை நோய் மாத்திரையையே கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. அந்தப் பாக்கெட்டை உங்கள் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். இன்னும் ஒரு மாதம் கழித்து எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை எடுத்தால் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி தெரியும். மாத்திரையின் அளவைக் குறைக்கலாமா என்று அவர் அதைப் பார்த்து முடிவு செய்யட்டும்.