ஊர் அறக்கட்டளையிடம் நிதி கேட்பது எப்படி?

கேள்வி: வீரவநல்லூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 40 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். டிரஸ்டாகப் பதிவு செய்து இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை கைக்காசும் ஊர் வசூலும்தான். திருநெல்வேலியில் ஓர் அறக்கட்டளை கல்விக்கு உதவுகிறதாம். எப்படிக் கேட்பது?

பதில்: அந்த அறக்கட்டளை மற்ற அமைப்புகளுக்கு நிதி தருகிறதா, இல்லை தானே நேரடியாகப் பணி செய்கிறதா என்று முதலில் போன் போட்டுக் கேளுங்கள். மாணவர்களுக்கு உதவித்தொகை மட்டும் தருபவர்களிடம் ஆசிரியர் சம்பளம் கேட்டுப் பயனில்லை. அப்படியானால் உங்கள் பிள்ளைகளை அதற்கு விண்ணப்பிக்க வையுங்கள்.

அடுத்தது பதிவு. டிரஸ்ட் பத்திரமும் பான் கார்டும் மட்டும் போதாது. அறப்பணி அமைப்புக்கு வரிவிலக்கு தரும் பதிவும் வருமான வரித்துறையில் வேண்டும். வழக்கில் இதை 12ஏ என்பார்கள். பலர் 80ஜி-யைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள். அது முக்கியமாக, உங்களுக்கு நன்கொடை தரும் தனிநபர்களின் வரிச்சலுகைக்கானது. நிதி தரும் அறக்கட்டளையின் நிலைமை வேறு. வரிவிலக்கு கிடைக்க அது தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட்டதாகக் காட்ட வேண்டும். உங்களுக்குத் தருவதும் அந்தக் கணக்கில் சிக்கலில்லாமல் சேர வேண்டுமென்றால் உங்களுக்கும் 12ஏ இருக்க வேண்டும். கடிதத்தில் ‘மூலநிதிக்காக’ (செலவழிக்காமல் முதலாக வைத்திருக்கும் பணத்துக்காக) என்று எழுதிவிடாதீர்கள். மூலநிதிக்கென்று தருவதை அவர்கள் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. இந்த வருடச் செலவுக்கு என்றே கேளுங்கள்.

சரி, எவ்வளவு கேட்பது? இங்கேதான் பல நல்ல அமைப்புகள் வாய்ப்பைத் தவறவிடுகின்றன. ‘தங்களால் இயன்றதை உதவுங்கள்’ என்று எழுதினால் அறங்காவலர் கூட்டத்தில் எதை வைத்து முடிவெடுப்பார்கள்? கணக்கை விரித்துக் காட்டுங்கள். இரண்டு ஆசிரியர்களுக்கு மாதம் 4,000 வீதம் பத்து மாதத்துக்கு 80,000. நோட்டுப் புத்தகம், பிள்ளைக்கு 250 வீதம் 10,000. மாலைச் சுண்டல், பிள்ளைக்கு 8 ரூபாய் என்று 200 நாளுக்கு 64,000. தணிக்கைக் கட்டணம் 6,000. ஆக 1,60,000. (தணிக்கைக் கட்டணத்தைச் சேர்க்கக் கூச்சப்படாதீர்கள். அதுவும் நேர்மையான செலவுதான்.) இதில் ஊர் வசூலிலிருந்து நீங்கள் போடுவது எவ்வளவு, கேட்பது எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். வகுப்புக்கு யாராவது இடம் இலவசமாகத் தந்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். ஊரே தோள் கொடுக்கும் வேலைக்குப் பணம் தர யாரும் தயங்குவதில்லை.

கடிதம் இரண்டு பக்கம் போதும். வறுமையைப் பற்றிப் பொதுவாக எழுதுவதைவிட உங்கள் வருகைப் பதிவேடு வலுவான சாட்சி. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றுவிட்டார்கள், ஏன் நின்றார்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அப்புறம், அவர்கள் நேரில் பார்க்க வந்தால் மேடையும் பொன்னாடையும் வேண்டாம். சாதாரணமாக வகுப்பு நடக்கும் ஒரு மாலையில் வரச் சொல்லுங்கள். ஏப்ரலில் புதிய நிதியாண்டு தொடங்குவதால் ஜனவரியிலேயே கடிதம் போவது நல்லது.

பணம் வந்தால் அதற்கெனத் தனிக் கணக்கு எழுதி, பில்களைக் கோப்பில் வைத்து, ஆண்டு முடிவில், கேட்ட காரியத்துக்கே பணம் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை ஆடிட்டரிடம் வாங்கி அனுப்புங்கள். சுண்டல் பணத்தை நோட்டுக்கு மாற்ற வேண்டி வந்தால் செலவு செய்வதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். செய்துவிட்டுச் சொன்னால் அடுத்த வருடம் கதவு திறக்காது.

நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதிக்கு உங்களைப் போன்ற வெளி அமைப்புகளிடம் மூன்று வருட அனுபவம் கேட்கிறது சட்டம். நீங்கள் அடுத்த வருடம் முயலலாம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் அனுப்பும் பணத்தில் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை செய்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், எப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் அனுமதி இல்லாமல் வாங்கக்கூடாது. ஆகவே எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.