"இன்னும் எவ்ளோ நாள் டாக்டர்?" - ஆயுள் கணிக்கிற ஸ்கோர் பத்தி கேள்வி பதில்

நான் பாலியேட்டிவ் கேர்ல, அதாவது நோய் முத்தினவங்களோட வலி, அவஸ்தையைக் குறைக்கிற பிரிவுல வேலை பாக்கிற டாக்டர். ஃபைல்ல எழுதிருக்கிற ஸ்கோர், ஆன்லைன் கால்குலேட்டர், டாக்டர் வாயால சொன்ன மாசக்கணக்கு, எதைப் பத்தி வேணாலும் கேளுங்க. ஒரே ஒரு விஷயம், ஆளை நேர்ல பாக்காம "இவருக்கு இவ்ளோ"ன்னு நான் சொல்ல மாட்டேன், அதை மட்டும் கேக்காதீங்க.

கேள்வி: அப்பாவுக்கு கேன்சர், நாலாவது ஸ்டேஜ். டாக்டர் "மீடியன் எட்டு மாசம்"னு சொன்னாரு. வீட்ல எல்லாரும் எட்டு மாசம்தான்னு முடிவே பண்ணிட்டாங்க. அப்படித்தான் எடுத்துக்கணுமா?

இல்லைங்க. மீடியன்னா இதே மாதிரி நோயாளிங்க நூறு பேரை வரிசையா நிறுத்தினா அம்பதாவது ஆள் போன நேரம், அவ்ளோதான். பாதி பேர் அதுக்கு முன்னாடி, பாதி பேர் அதுக்கு அப்புறம். அப்பா வரிசைல எந்த இடத்துல நிக்கிறாருன்னு அந்த நம்பர் சொல்லவே இல்ல. முத்தின கேன்சர்ல நாங்க ஒரு கணக்கு வச்சிருக்கோம், ஆஸ்திரேலியால கேன்சர் டாக்டருங்க ட்ரையல் டேட்டாவை வச்சு சரிபார்த்தது. சுமார் பாதி பேர் மீடியன்ல பாதிக்கும் ரெண்டு மடங்குக்கும் நடுவுல வருவாங்க, பத்துல ஒருத்தர் மூணு மடங்கு தாண்டுவாங்க, பத்துல ஒருத்தருக்கு மீடியன்ல கால்வாசி கூட கிடைக்காது. எட்டு மாசத்துக்கு இதைப் போட்டா நாலு மாசத்துலேர்ந்து பதினாறு மாசம்ங்கிறது சாதாரணமா நடக்கிறது, ரெண்டு வருஷம் நடக்கக்கூடியது, ரெண்டு மாசத்துக்குள்ளன்னாலும் ஆச்சரியமில்ல. அடுத்த தடவை போறப்போ "நல்லபடியா போனா எவ்ளோ, மோசமா போனா எவ்ளோ, நடுவுல எவ்ளோ"ன்னு மூணா கேளுங்க. அந்த எட்டு மாசம் எந்த மருந்து காலத்துல எடுத்த கணக்குன்னும் சேர்த்துக் கேளுங்க, சில கேன்சர்ல இம்யூனோதெரபி, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியைத் தூண்டற மருந்து, வந்தப்புறம் பழைய நம்பர் செல்லாது.

கேள்வி: ஸ்கோரை நம்பறதா, இத்தனை வருஷம் பாத்த எங்க ஃபேமிலி டாக்டர் வார்த்தையை நம்பறதா?

இதுக்கு பதில் கொஞ்சம் கசக்கும். 2000ல சிகாகோல ஒரு ஆய்வு வந்துச்சு, ஹாஸ்பிஸ்ல, அதாவது கடைசிக் காலப் பராமரிப்புல சேர்ந்த 468 நோயாளிங்களுக்கு 343 டாக்டருங்க எவ்ளோ நாள்னு கணிச்சாங்க. ஓரளவு சரியா வந்தது 20 சதவீதம், 63 சதவீதம் கூட்டிச் சொல்லிட்டாங்க, மொத்தமா பாத்தா உண்மையை விட அஞ்சு மடங்கு அதிகமா. இதுல எனக்கு முக்கியமா படுறது வேற. நோயாளியோட பழக்கம் எவ்ளோ நீளமோ கணிப்பு அவ்ளோ தப்பு. பாசம் வந்துட்டா கண்ணு மறைச்சுடும், டாக்டரும் மனுஷங்கதானே. அதனால உங்க ஃபேமிலி டாக்டரை விட்டுடாதீங்க, ஆனா இந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஆளைப் புதுசா பாக்கிற இன்னொரு டாக்டர்கிட்டயும் கேளுங்க. ஸ்கோர் தனியா டாக்டரைப் பெருசா ஜெயிச்சுடும்னும் இல்ல, முத்தின கேன்சருக்கு ஆயுள் கணிக்க இத்தாலில உருவாக்கின பேப் ஸ்கோர் டாக்டரோட கணிப்பையே ஒரு அம்சமா உள்ள சேர்த்துக்குது.

கேள்வி: அம்மா கேஸ் ஷீட்ல "பிபிஎஸ் 40%"னு இருக்கு. 40 சதவீதம்தான் உயிர் இருக்குன்னு அர்த்தமா? படிச்சதுலேர்ந்து தூக்கமே இல்ல.

ஐயோ, இல்லம்மா. அது பாலியேட்டிவ் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கேல், 1996ல கனடால விக்டோரியா ஹாஸ்பிஸ்ல செஞ்சது. சதவீதக் குறி போட்டதாலயே எத்தனை பேர் பயந்துட்டாங்க. இதுல பாக்கிறது அஞ்சு விஷயம்: நடமாட்டம், வேலை செய்ற தெம்பும் நோயோட தாக்கமும், தன் வேலையைத் தானே பாத்துக்கிறது, சாப்பாடு, நினைவு. நூறுலேர்ந்து பத்து பத்தா இறங்கும். 50ன்னா பெரும்பாலும் உக்காந்தோ படுத்தோ இருக்காங்க. 40ன்னா நாளோட பெரும்பகுதி படுக்கைல, குளிக்க டாய்லெட் போக ஆள் வேணும், ஆனா சாப்பாடு ஓரளவு இறங்கும், பேசுவாங்க. 30ன்னா படுக்கையே கதி. 20ல ரெண்டு வாய் தண்ணி. 10ல வாயை நனைச்சு விடுறது மட்டும்.

வார்டுல இதை எப்படிப் போடுவோம்னா, ரத்த டெஸ்ட் எதுவும் கிடையாது, காலைல நர்ஸ் வந்து "நேத்து பாத்ரூமுக்கு யார் புடிச்சாங்க? எத்தனை வாய் சாப்பிட்டாங்க?"ன்னு கேட்டு சார்ட்ல இடது பக்க காலம்லேர்ந்து வலது பக்கமா படிச்சுட்டே வருவாங்க, நடமாட்டத்துக்குத்தான் முதல் மரியாதை.

ஒத்தை நம்பரை விட அது எந்த வேகத்துல இறங்குதுங்கிறதுதான் விஷயம். ஆறு மாசமா 40லயே நிக்கிறவங்களும் ரெண்டு வாரத்துல 60லேர்ந்து 40க்கு வந்தவங்களும் ஒண்ணு இல்ல. போன மாசம் எவ்ளோ போட்டிருந்தாங்கன்னு பழைய ஷீட்டைப் புரட்டிப் பாருங்க.

கேள்வி: மச்சானுக்கு லிவர் சிரோசிஸ். மெல்ட் ஸ்கோர் 28ன்னாங்க, நெட்ல போட்டுப் பாத்தா பயமா இருக்கு டாக்டர்.

மெல்ட் சொல்றது அடுத்த மூணு மாசத்தைப் பத்தி மட்டும், அதுவும் மாற்று லிவர் வைக்கலைன்னா. ரத்த டெஸ்ட்ல வர்ற பிலிருபின் (மஞ்சள் காமாலை அளவு), கிரியாட்டினின் (கிட்னி அளவு), ஐஎன்ஆர் (ரத்தம் உறையற அளவு) இதுங்களை வச்சுப் போடறது, அப்புறமா சோடியமும் சேர்த்தாங்க. இதை முதல்ல செஞ்சது டிப்ஸ்னு லிவர் ரத்தக்குழாய் அழுத்தத்தைக் குறைக்கிற ஒரு ப்ரொசீஜருக்கு அப்புறம் யார் பொழைப்பாங்கன்னு பாக்க. 2002லேர்ந்து அமெரிக்கால லிவர் யாருக்கு முதல்ல குடுக்கிறதுன்னு வரிசை போட எடுத்துக்கிட்டாங்க. 28ங்கிறது லேசா எடுத்துக்கிற நம்பர் இல்ல, ட்ரான்ஸ்பிளான்ட் சென்டர்ல இன்னும் காட்டலைன்னா உடனே காட்டுங்க. ஆனா இது இறங்கவும் செய்யும், இன்ஃபெக்ஷனாலயோ உடம்புல தண்ணி வத்தினதாலயோ கிரியாட்டினின் ஏறியிருந்தா அதைச் சரி பண்ணதும் ஸ்கோர் குறையும், குடிதான் காரணம்னா நிறுத்தின சில மாசத்துல நல்லாவே குறையலாம். ஒரு நாள் ரிப்போர்ட்டை வச்சு முடிவுக்கு வராதீங்க.

கேள்வி: அக்கா, நான் நர்சிங் ஸ்டூடன்ட். ஐசியூல அபாச்சி ஸ்கோர் வச்சு ஒரு பேஷன்ட்டுக்கு "இனி ட்ரீட்மென்ட் வேணாம்"னு முடிவு பண்ணலாமா?

கூடாதும்மா. அபாச்சிங்கிறது ஐசியூ நோயாளியோட நிலைமை எவ்ளோ மோசம்னு அளக்கிற ஸ்கோர். 1985ல வந்த அபாச்சி டூ, ஐசியூல சேர்ந்த முதல் 24 மணி நேரத்துல இருந்த மோசமான அளவுகளை எடுத்து 0லேர்ந்து 71க்குள்ள ஒரு நம்பர் போடும். ஒரு ஐசியூவையும் இன்னொரு ஐசியூவையும் ஒப்பிட, ஆராய்ச்சில ரெண்டு குரூப் சமமான்னு பாக்க அது அருமையான கருவி. நூறு பேர்ல நாப்பது பேர் இறப்பாங்கன்னு சொன்னா கிட்டத்தட்ட நாப்பது பேர்தான் வரும், ஆனா படுக்கைல இருக்கிற இவர் அந்த நாப்பதுல ஒருத்தரான்னு அதுக்குத் தெரியாது.

இதுல இன்னொரு ஆபத்து இருக்கு, அதைப் பரீட்சைக்கு இல்லாட்டியும் மனசுல வச்சுக்கோ. மூளைல ரத்தக்கசிவுக்கு ஐசிஎச் ஸ்கோர்னு ஒண்ணு. ஸ்கோர் அதிகம்னு பாத்ததும் வெண்டிலேட்டரை எடுத்துட்டா ஆள் இறந்துடுவார், உடனே "ஸ்கோர் கரெக்டா சொல்லுச்சு"ன்னு டேட்டால ஏறிடும், அடுத்த ஆளுக்கு இன்னும் தைரியமா எடுப்பாங்க. இந்த சுழலை உடைக்கத்தான், ஏற்கனவே வேணாம்னு சொல்லி வைக்காத நோயாளிக்கு ரெண்டாவது முழு நாள் வரைக்குமாவது புதுசா சிபிஆர் வேணாம்னு எழுதாதீங்கன்னு அமெரிக்க ஸ்ட்ரோக் கைட்லைன் சொல்லுது.

கேள்வி: பாட்டிக்கு 84. பெரிய நோய் இல்ல, ஆனா நடை ரொம்ப தளர்ந்துடுச்சு. குடல் கேன்சர் இருக்கான்னு ஸ்க்ரீனிங் பண்ணலாம்னு சித்தப்பா சொல்றாரு. பண்ணணுமா?

தொந்தரவு ஏதாவது இருந்தா, ரத்தம் போறது, எடை குறையறது மாதிரி, அப்போ கதை வேற, டாக்டர்கிட்ட காட்டுங்க. சும்மா ஸ்க்ரீனிங்னா வேணாம்னுதான் சொல்வேன். அதோட பலன் கைக்கு வர சுமார் பத்து வருஷம் ஆகும், குடலைச் சுத்தம் பண்ற மருந்து, மயக்கம், ஓட்டை விழற ரிஸ்க் எல்லாம் இன்னிக்கே. ஆயுள் கணிப்பு உண்மைல உபயோகப்படற இடம் இந்த மாதிரி முடிவுங்கதான், யாரும் கண்டுக்கிறதில்ல. கலிஃபோர்னியா பல்கலைக்கழக டாக்டருங்க நடத்துற ஈப்ராக்னோசிஸ்ங்கிற தளத்துல வயசானவங்களுக்கான கால்குலேட்டருங்க இருக்கு, அதுல லீ இன்டெக்ஸ் நோயை மட்டும் கேக்காது, குளிக்க கஷ்டமா, கணக்கு வழக்கு பாக்க முடியுதா, சில தெரு தூரம் நடக்க முடியுதான்னும் கேக்கும். நடை வேகம் மட்டுமே நிறைய சொல்லிடும். 2011ல 34,000க்கு மேல வயசானவங்க டேட்டாவைச் சேர்த்துப் பாத்ததுல, நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கிறவங்க அவங்க வயசுக்கு நடுத்தரமான ஆயுள்ல இருந்தாங்க, அதை விட வேகமா நடக்கிறவங்க இன்னும் அதிக காலம் இருந்தாங்க.

கேள்வி: டிமென்ஷியாவுக்கு நல்ல ஸ்கோர் இருக்கா?

நல்லதுன்னு சொல்ற அளவுக்கு இல்ல. கடைசிக் கட்டத்துல கூட இறக்கம் ரொம்ப மெதுவா, நடுநடுவுல நிமோனியா காய்ச்சல்னு போகும். நிமோனியாவோ முழுங்கறதுல சிக்கலோ வந்துட்டா அதுவே எந்த ஸ்கோரை விடவும் தெளிவான அறிகுறி.

கேள்வி: ஏஐ வந்துடுச்சே, அது துல்லியமா சொல்லாதா?

ஆயிரம் பேர்ல யாருக்கு ரிஸ்க் அதிகம்னு பிரிச்சு, "இவங்களோட இப்பவே பேசுங்க"ன்னு டாக்டருக்கு ஞாபகப்படுத்த நல்லா உதவும். தேதி சொல்லாது. ஒரு ஆஸ்பத்திரி டேட்டால கத்துக்கிட்டது இன்னொரு ஆஸ்பத்திரில தடுமாறும்.

கேள்வி: அம்மாகிட்ட எவ்ளோ நாள்னு சொல்லவே கூடாதுன்னு அண்ணன் சண்டை போடறான். எனக்கு மறைக்க பிடிக்கல.

உங்க ரெண்டு பேர்ல யார் ஜெயிக்கிறதுங்கிறது இல்ல, அம்மாவுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்ங்கிறதுதான். "அம்மா, டாக்டர் சொல்றதெல்லாம் உனக்கு விவரமா சொல்லணுமா, இல்ல எங்ககிட்ட சொன்னா போதுமா?"ன்னு நேரா கேளுங்க, அண்ணனையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு. பல பேர் "எனக்குத் தெரியும்டா"ன்னுடுவாங்க. சில பேர் நிஜமாவே வேணாம்பாங்க, அதையும் மதிக்கணும். அப்பவும் "உனக்கு செய்யணும்னு நினைக்கிறது என்ன, எதை இனிமே வேணாம்ங்கிற"ன்னு கேக்கலாம், அதுக்கு நம்பர் தேவையில்ல.

கேள்வி: நான் வெளிநாட்டுல. மாமனாருக்கு கேன்சர் முத்திடுச்சு, "இப்போ வா"ன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. எப்போ கிளம்பறது?

வீட்ல பாத்துக்கிறவங்களுக்கு ஃபோன் போட்டு ஒண்ணு கேளுங்க, மாற்றம் மாசத்துக்கு மாசம் தெரியுதா, வாரத்துக்கு வாரமா, நாளுக்கு நாளா? மாசத்துக்கு மாசம்னா பெரும்பாலும் மாசக்கணக்கு, வாரத்துக்கு வாரம்னா வாரக்கணக்கு, நாளுக்கு நாள்னா நாள்கணக்கு. அதோட சாப்பாடு ரெண்டு மூணு வாய்க்குக் குறைஞ்சுடுச்சா, கால் வீங்கியிருக்கா, சும்மா படுத்திருக்கிறப்பவே மூச்சு வாங்குதா, ஆள் குழம்பிப் பேசறாரான்னு கேளுங்க. இதுங்களோட பிபிஎஸ்ஸையும் சேர்த்துதான் ஜப்பான்ல 1999ல பிபிஐ (பாலியேட்டிவ் ப்ராக்னாஸ்டிக் இன்டெக்ஸ்) ஸ்கோர் செஞ்சாங்க, ஆறைத் தாண்டினா பெரும்பாலும் மூணு வாரத்துக்குள்ள. வாரத்துக்கு வாரம்னு பதில் வந்தாலே கிளம்பிடுங்க, கடைசி நாளுக்கு கணக்கு போட்டு வந்தா பேச முடியாத ஆளைத்தான் பாப்பீங்க. லீவு ரெண்டு தடவை எடுக்க முடியாதுன்னா இப்போ வந்து பேசிட்டுப் போங்க, காரியத்துக்கு வர முடியலைன்னாலும் பரவால்ல.