உயிரைக் காப்பாற்றியவரிடம் கணக்குக் கேட்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. திருமங்கலத்தில் இரு சக்கர வாகன மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். பித்தப்பையில் கல் என்று மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். "லேப்ராஸ்கோப்பிதான், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடலாம், எண்பதாயிரம் ஆகும், மிஞ்சினால் ஒரு லட்சம்" என்றார்கள். உள்ளே சீழ் பிடித்திருந்ததால் வயிற்றைத் திறந்து அறுவை செய்ய வேண்டியதாகிவிட்டது. ஐ.சி.யூ.வில் மூன்று நாள், அறையில் ஆறு நாள். பில் 2,86,400 ரூபாய். மூன்று லட்சத்துக்குக் காப்பீடு இருந்தும் 1,41,000 ரூபாய்தான் கிடைத்தது. என் அம்மாவின் சங்கிலியையும் வளையலையும் அடகு வைத்து 85,000 கட்டினோம். மீதி 60,400 ரூபாய்க்கு 28ஆம் தேதியிட்ட காசோலையை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். கொழுந்தன் பத்து வட்டிக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். மகளின் காதுகுத்தை முன்னால் வைத்து மொய் வாங்கலாம் என்கிறார் மாமியார். பில்லைப் பற்றிக் கேட்கப் போகிறேன் என்றால், "உயிரைக் காப்பாற்றியவரிடம் போய்க் கணக்குக் கேட்பாயா" என்று கணவர் கோபப்படுகிறார். நாங்கள் ஏமாற்றப்பட்டோமா? (காப்பீட்டு நிறுவனத்தின் கடித நகலை இணைத்திருக்கிறேன்.)
— ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கணவர் எழுந்து நடமாடுகிறார் என்பதுதான் கடிதத்தில் நான் முதலில் தேடிய செய்தி. அது இருந்தது. மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

தனியார் மருத்துவமனை ஒன்றின் பில் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, இந்தப் பக்கம் நின்றவர்களின் முகங்களைப் பார்த்திருக்கிறேன். தொகையைக் கேட்டதும் பலர் பேச்சே இல்லாமல் நகர்ந்துவிடுவார்கள். சற்று நேரத்தில் கழுத்தில் இருந்தது இல்லாமல் திரும்பி வருவார்கள். ஒரு கேள்வி கேட்டிருந்தால் குறைந்திருக்கக்கூடிய பில்களையும் அப்படியே கட்டிவிட்டுப் போனார்கள். கேட்பது நன்றி கெட்டதனம் என்று நினைத்தார்கள். உங்கள் கணவர் நினைப்பதும் அதைத்தான். அவரிடம் சொல்லுங்கள்: அறுத்துக் காப்பாற்றியவர் மருத்துவர். பில்லைத் தயாரித்தது என்னைப் போன்ற ஓர் ஊழியர், கணினியில் ஒவ்வொரு வரியாகத் தட்டி. மருத்துவருக்குக் கைகூப்பி நன்றி சொல்லலாம், ஊழியரிடம் கணக்குக் கேட்கலாம். ஒன்றுக்கொன்று பகையில்லை.

ஏமாற்றப்பட்டோமா என்று கேட்டிருக்கிறீர்கள். அறுவை சிகிச்சையைப் பொறுத்தவரை எனக்கு அப்படித் தோன்றவில்லை. பித்தப்பை வீங்கிச் சீழ் கட்டினால் சுற்றியுள்ள பகுதிகளோடு ஒட்டிக்கொள்ளும். சிறு துளை வழியாகக் கேமராவில் பார்த்து அறுக்கும்போது பித்தநாளம் எது, ரத்தக்குழாய் எது என்று பிரித்தறிய முடியாத நிலை வரும். அப்போது வயிற்றைத் திறப்பதுதான் பொறுப்பான மருத்துவரின் முடிவு. பித்தநாளத்தில் காயம் பட்டிருந்தால் இன்னும் பல அறுவைகள், இன்னும் பல லட்சங்கள் என்று போயிருக்கும். தவறு வேறு இடத்தில் நடந்திருக்கிறது. செலவு ஒரு லட்சத்தைத் தாண்டியபோதே ஒருவர் உங்களை அழைத்து "இதுவரை இவ்வளவு ஆகியிருக்கிறது, இனி இவ்வளவு ஆகலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. இதை நீங்கள் தைரியமாகச் சுட்டிக்காட்டலாம்.

இனி பணத்துக்கு வருகிறேன். முதலில் காப்பீடு, ஏனென்றால் உங்களுக்கு வரவேண்டிய பெரிய தொகை அங்கேதான் நிற்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் அனுப்பிய கடிதத்தை மூன்று முறை படித்தேன். மொத்தத்திலிருந்து 51,400 ரூபாயைத் "தர இயலாத இனங்கள்" என்று முதலில் கழித்திருக்கிறார்கள். மீதி 2,35,000. அதில் 60 சதவீதம் கொடுத்தால் 1,41,000. ஏன் 60 சதவீதம்? உங்கள் பாலிசியில் அறை வாடகைக்கு ஒரு நாள் வரம்பு காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய். நீங்கள் இருந்தது 5,000 ரூபாய் அறை. ஐந்தில் மூன்று பங்கு என்பதால், வாடகையை மட்டுமல்லாமல் பில் முழுவதையும் அதே விகிதத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 2,000 ரூபாய் கூடுதலான அறை, ஆறு நாளுக்கு 12,000 ரூபாய்தானே என்று நினைத்திருப்பீர்கள். அது இழுத்துக்கொண்டு போனதோ 94,000 ரூபாய். சேர்க்கும்போது இதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பல ஆண்டுக் கோபம்.

ஆனால் இப்படி எல்லாவற்றையும் வெட்ட முடியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020ஆம் ஆண்டிலேயே விதி வகுத்துவிட்டது. அறை வரம்பைக் காட்டி மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றைக் குறைக்கலாம். மருந்து, உடலில் பொருத்தும் கருவிகள், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ஆகியவற்றில் அந்த விகிதத்தைப் போடக் கூடாது. ஐ.சி.யூ. கட்டணத்திலும் போடக் கூடாது; ஐ.சி.யூ.வுக்கென்று பாலிசியில் தனி வரம்பு இருந்தால் அது மட்டுமே பொருந்தும். காப்பீட்டு நிறுவனத்தின் கடிதத்தில் மருந்து 58,000, பரிசோதனைகள் 21,000 என்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 79,000. அதில் 40 சதவீதத்தை வெட்டியிருக்கிறார்கள், 31,600 ரூபாய். இது உங்களுக்கு வரவேண்டிய பணம்.

அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது. சில மருத்துவமனைகளில் எந்த அறையில் இருந்தாலும் அறுவைக் கட்டணம் ஒன்றுதான். அப்படிப்பட்ட கட்டணங்களுக்கு இந்த வெட்டே செல்லாது. எனவே பில் பிரிவில் போய் நேராகக் கேளுங்கள்: "3,000 ரூபாய் அறையில் இருந்திருந்தால் அறுவைக் கட்டணம் குறைந்திருக்குமா?" இல்லை என்றால், அதை மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். கொடுப்பதில் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, அவர்களுடைய பாக்கி வசூலாகவும் அது உதவும். அந்தக் கடிதத்தோடு காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டாம்.

அடுத்து மருத்துவமனை. உங்களிடம் இருப்பது மொத்தத் தொகை போட்ட இரண்டு பக்க பில்தான் என்று தெரிகிறது. அது போதாது. ஒவ்வொரு நாளும் என்ன மருந்து, எத்தனை, என்ன விலை என்று வரி வரியாக உள்ள விவரமான பில்லைக் கேளுங்கள். சிகிச்சை ஆவணங்களையும் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன. இரண்டும் கையில் வந்ததும் ஒரு மாலை உட்கார்ந்து ஒப்பிடுங்கள். எங்கே பார்ப்பது என்று நான் சொல்கிறேன்.

அறுவை நாளுக்கான மருந்துப் பட்டியல்தான் முதலிடம். அரங்குக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் மருந்து வாங்கி அனுப்புவார்கள். மிஞ்சியது மருந்தகத்துக்குத் திரும்பும், ஆனால் அந்த வரவு பில்லில் ஏறியிருக்கிறதா என்பதை யாரும் பார்ப்பதில்லை. பிறகு ஐ.சி.யூ.விலிருந்து அறைக்கு மாறிய நாள். அன்று இரண்டு வாடகையும் விழுந்திருக்கலாம். ஆக்சிஜன், மானிட்டர் எத்தனை மணி நேரம் என்பதை நர்ஸ் எழுதிய குறிப்போடு ஒத்துப்பாருங்கள். ஒரே மருத்துவர் ஒரே நாளில் எத்தனை முறை வந்ததாகப் போட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். நீங்கள் பக்கத்திலேயே இருந்தவர், உங்களுக்குத் தெரியும். அந்த 51,400 ரூபாய்ப் பட்டியலிலும் ஒரு பிடி இருக்கிறது. காஸ் துணி, அறுவைக் கத்தி, டேப் போன்றவை அறுவைக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கும் என்று காப்பீட்டு நிறுவனம் கழித்திருந்தால், "அப்படியானால் நீங்கள் ஏன் தனியாகப் போட்டீர்கள்?" என்று அதே கடிதத்தைக் காட்டி மருத்துவமனையிடம் கேட்கலாம்.

வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவை நான் மறக்கவில்லை. மகனின் படுக்கைக்கு அருகில் பள்ளி நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, வந்த ஊசி, போன பாட்டில் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதியிருந்தார். சண்டை போடவில்லை, குரலும் உயர்த்தவில்லை. நோட்டை என் முன்னால் விரித்து வைத்து, "நீங்களே பாருங்கள் தாயி" என்றார். பார்த்தேன். 11,000 ரூபாய்க்கு மேல் குறைக்க வேண்டியிருந்தது. அந்தத் தவற்றை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அவர் கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் பணம் திரும்பியிருக்காது.

தவறுகளைக் குறித்துக்கொண்ட பிறகு, நிர்வாக அதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். முதல் வரியில் மருத்துவருக்கு நன்றி. அடுத்து, சொன்ன மதிப்பீடு எவ்வளவு, வந்த பில் எவ்வளவு, இடையில் யாரும் தெரிவிக்கவில்லை என்பது. பிறகு சரிபார்க்க வேண்டிய வரிகள். கடைசியில், தள்ளுபடி வேண்டும் என்று பொதுவாக எழுதாமல், "இன்ன தொகையைக் குறைத்தால், மீதியை மாதம் இவ்வளவாகக் கட்டிவிடுகிறேன்" என்று எண்ணில் எழுதுங்கள். எண் இருக்கும் கடிதம்தான் மேசையிலிருந்து மேசைக்கு நகரும். அறுவை செய்த மருத்துவரைத் தனியாகப் பார்த்து நிலைமையைச் சொல்வதிலும் தவறில்லை. தன் கட்டணத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்த மருத்துவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் அசையவே இல்லை என்றால், மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே உங்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு, வருமானம் கேட்க மாட்டார்கள். மருத்துவமனைச் சேவை, காப்பீடு இரண்டுமே நிரந்தர மக்கள் நீதிமன்றத்தின் வரம்புக்குள் வருகின்றன. அங்கே பேசித் தீர்க்கத்தான் முதலில் முயல்வார்கள். நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போகலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. ஆனால் நாளாகும். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் பற்றி என் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பத்து வட்டி வேண்டவே வேண்டாம். 60,000 ரூபாய்க்கு மாதம் 6,000 ரூபாய் வட்டி மட்டும். பத்து மாதத்தில் வாங்கிய அளவுக்கு வட்டியே கட்டியிருப்பீர்கள், அசல் அப்படியே நிற்கும். இப்படி வட்டி வாங்குவதைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. கொழுந்தன் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், இருந்தாலும் மறுத்துவிடுங்கள். நகை எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. அடகுக் கடையில் இரண்டு வட்டிக்கு இருந்தால் மாதம் 1,700 ரூபாய் போய்க்கொண்டிருக்கும். வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ மாற்றி வைத்தால் பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவாகவே ஆகும்.

காதுகுத்து யோசனையும் எனக்குப் பிடிக்கவில்லை. நம் பக்கத்தில் மொய் என்பது நோட்டில் எழுதி வாங்கும் கடன், ஒவ்வொரு வீட்டுக்கும் திருப்பிச் செய்தாக வேண்டும். பத்திரிகை, பந்தல், கிடா என்று செலவும் முன்னால் வந்து நிற்கும். தாய்மாமன் சீர் என்று உங்கள் அண்ணன் தம்பிகள் யாராவது சுமக்க வேண்டும். ஏற்கெனவே உங்கள் அம்மாவின் நகை அடகில் இருக்கிறது. பிள்ளையின் காதுகுத்து அதற்குரிய காலத்தில், கடன் நினைப்பு இல்லாமல் நடக்கட்டும்.

உங்கள் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குப் பதிந்துவிடுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. கட்டிய பணம் இதில் திரும்பாது. ஆனால் வயிற்றைத் திறந்த இடத்தில் பின்னால் குடலிறக்கம் வர வாய்ப்புண்டு, அப்போது இந்த அட்டை கையில் இருக்க வேண்டும். பின்தொடர் பரிசோதனைகளைப் பெரியாஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம், டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டு போனால் போதும். ஷெட்டைத் திறந்து உட்காரலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டு போடும் வேலையெல்லாம் சில வாரங்களுக்குப் பையன் செய்யட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் காட்டுங்கள். அந்தக் காசோலை பணமின்றித் திரும்பக் கூடாது. திரும்பினால் அறிவிப்பு வரும், அது வந்த 15 நாளில் பணம் கட்டாவிட்டால் பில் தகராறாக இருந்தது உங்கள் கணவர் மேல் குற்ற வழக்காக மாறும். நான் சொன்ன கடிதத்திலேயே, கணக்கைச் சரிபார்த்து முடிக்கும்வரை காசோலையை வங்கியில் போடாமல் வைத்திருக்கவும், இரண்டு மாதம் தள்ளிய புதிய காசோலையை மாற்றித் தரத் தயார் என்றும் சேர்த்து எழுதுங்கள். 20ஆம் தேதிக்குள் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவேளை சம்மதிக்காவிட்டால், கையில் இருக்கும் தொகையோடு 25ஆம் தேதியே போய், அதைக் கட்டி ரசீது வாங்கி, மீதிக்கு மட்டும் வேறு காசோலை கொடுத்துவிட்டுப் பழையதைத் திரும்ப வாங்குங்கள். போகும்போது உங்கள் கணவரையும் அழைத்துப் போங்கள். அவர் பேச வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும்.