துபாஷி வீட்டுப் பேரன்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எங்கள் பூர்வீக வீடு சென்னை ராயபுரத்தில் இருந்தது. போன மாதம் அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது 1894-ஆம் வருடத்துக் கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தது. அதில் என் கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு அடுத்து "துபாஷி ஜீவனம்" என்று எழுதியிருக்கிறது.

நான் வேலை பார்ப்பது மும்பையில். எங்கள் அலுவலகத்தில் துபாஷ் என்ற குடும்பப்பெயர் கொண்ட பார்சிக்காரர் ஒருவர் இருக்கிறார். பத்திரத்தின் போட்டோவைக் காட்டியதும் "அப்போ நாம சொந்தக்காரங்க" என்று சிரித்தார். அது பாரசீகச் சொல்லாகத்தான் இருக்கும் என்பது அவர் எண்ணம். என் சித்தப்பாவோ, "துர்பாஷி என்பதுதான் துபாஷி ஆனது, வெள்ளைக்காரனிடம் நம்மைக் காட்டிக்கொடுத்தவர்களுக்கு ஊர் வைத்த பெயர், வெளியே சொல்லாதே" என்கிறார். 88 வயதான பாட்டிக்குத் தெரிந்தது, அந்தக் காலத்தில் அந்த வீட்டுத் திண்ணையில் கப்பலுக்குப் போகும் பிஸ்கட் டின்கள் அடுக்கியிருக்கும் என்று அவருடைய மாமியார் சொன்னது மட்டும்தான்.

இது யாருடைய சொல்? பார்சிக்காரருக்கு எப்படிப் பெயரானது? என் கொள்ளுத்தாத்தா புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை மாதிரி ஒருவரா?

க., மும்பை

அன்புள்ள க.,

சித்தப்பாவிடமிருந்து தொடங்குகிறேன். துர்பாஷி இல்லை. நீங்கள் மும்பையில் இருப்பதால் விளக்குவது சுலபம். வடாபாவ் கடையில் எத்தனை என்று கேட்டால் "தோ" என்கிறீர்கள் இல்லையா, அந்த தோதான் இது. தோ பாஷை, இரண்டு மொழி. இரண்டு மொழி தெரிந்தவன் தோபாஷி. சமஸ்கிருதத்திலிருந்து நேராகத் தமிழுக்கு வந்திருந்தால் துவிதியை, துவிபாஷை என்பதுபோல "துவி" நின்றிருக்கும். இது இந்துஸ்தானி வழியாகத் தெற்கே வந்து துபாஷி, துபாசி, துபாஷ் என்று பலவாறாக எழுதப்பட்டது. பாரசீகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. உங்கள் நண்பரின் முன்னோர் பாரசீகத்திலிருந்து வந்தவர்கள், அவருடைய பெயர் இங்கே பிறந்தது.

ஆனால் சித்தப்பாவை முழுதாகத் தள்ளிவிடவும் எனக்கு மனம் இல்லை. குஜராத்தில் துபாஷியா என்றால் பொய் சொல்லி ஊரில் சண்டை மூட்டிவிடும் கெட்ட ஆவி என்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சொல் விளக்கம் ஒன்று சொல்கிறது. நம்மிடமும் இரட்டை நாக்கு என்றால் நல்ல அர்த்தமா என்ன? ஆக, சொல்லின் வேரில்தான் சித்தப்பா தவறு. ஊர் அந்த வேலையைப் பார்த்த பார்வையைச் சரியாகவே பிடித்திருக்கிறார்.

அந்தப் பார்வை ஏன் வந்தது என்பதற்கு, வேலை என்ன என்று பார்க்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் ரைட்டராக ஒரு பையன் சென்னையில் கப்பல் இறங்குகிறான். ராபர்ட் கிளைவ் 1744-ல் அப்படி வந்தவர்தான், சம்பளம் வருடத்துக்கு 5 பவுன். (ரைட்டர் என்றால் இங்கே எழுத்தாளர் இல்லை, குமாஸ்தா. போலீஸ் ஸ்டேஷனில் அந்தப் பொருள் இன்றும் பிழைத்திருக்கிறது. "நான் ரைட்டர்" என்று ஒரு ஏட்டையாவிடம் சொல்லி, "எந்த ஸ்டேஷன்?" என்று கேட்கப்பட்ட அனுபவம் எனக்கு உண்டு.) அந்தப் பையனுக்கு ஊர் தெரியாது, பாஷை தெரியாது, கையில் காசும் இல்லை. துபாஷி வருகிறார். வீடு பிடித்துக் கொடுக்கிறார், சமையல்காரனையும் பல்லக்குத் தூக்கிகளையும் அமர்த்துகிறார், கடன் கொடுக்கிறார். பையன் சொந்த வியாபாரம் தொடங்கும்போது முதல் போடுகிறார், நெசவாளர்களிடம் துணிக்குப் பேசி முடிக்கிறார். ஒவ்வொரு கைமாற்றத்திலும் தஸ்தூரி, அதாவது தரகு, எடுத்துக்கொள்கிறார். பத்து வருடத்தில் பையன் பெரிய துரையாகிறான். துபாஷி அவனைவிடப் பெரிய பணக்காரர் ஆகிவிடுகிறார். மொழிபெயர்ப்பு இதில் ஒரு சின்னப் பகுதிதான்.

இதை ஏட்டில் படித்தபோது எனக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் உறவினர் ஒருவரின் சிகிச்சைக்காக வேலூரில் இரண்டு வாரம் லாட்ஜில் தங்கியிருந்தேன். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் பாதிப் பெயர்ப்பலகை வங்காள மொழியில் இருக்கும். பக்கத்து அறையில் மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி. அவர்களுக்கு ஒரு தமிழ்ப் பையன், இருபது வயது இருக்கும், வங்காளம் சரளமாகப் பேசினான். டோக்கன் எடுப்பது, மீன் வாங்கித் தருவது, கேஸ் அடுப்பு வாடகைக்குப் பிடிப்பது, டாக்டர் என்ன சொன்னார் என்று திருப்பிச் சொல்வது எல்லாம் அவன்தான். அவன் அறையை விட்டு வெளியே போனதும் அந்த அம்மாள் உடைந்த இந்தியில் என்னிடம் கேட்பார்: "டாக்டர் அவ்வளவு நேரம் பேசினாரே, இவன் ஏன் ரெண்டே வார்த்தையில் சொல்கிறான்? மீன் விலை நிஜமாகவே அவ்வளவா?" அவன் திரும்பி வந்ததும் "வா பாபா" என்று டீயும் கொடுப்பார். லாட்ஜ்காரரிடம் பையனுக்கு எவ்வளவு கமிஷன் என்று கேட்டேன். சிரித்தாரே தவிர சொல்லவில்லை. துபாஷி என்றால் யார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த அம்மாளின் சந்தேகத்துக்குச் சரித்திரத்தில் பெரிய ஆதாரங்கள் உண்டு, ஆனால் தலைகீழாகவும் ஒன்று உண்டு. புதுச்சேரியில் தலைமைத் தரகராக இருந்த நைனியப்பப் பிள்ளையை 1716-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைது செய்து விசாரித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளைக்கு நெருங்கிய உறவினர் அவர். சாட்சிகள் தமிழில் சொன்னதைப் போர்த்துகீசியத்துக்கு மாற்றி, அதைக் கேட்டுப் பிரெஞ்சில் எழுதிக்கொண்டார்கள். அப்போது இந்தக் கடற்கரையில் வியாபார மொழி போர்த்துகீசியம் என்பதால் வந்த வினை. வாழ்நாளெல்லாம் இரண்டு பக்கத்துக்கும் பேசிக் கொடுத்த மனிதர், தன் வழக்கில் தனக்கெதிராக என்ன எழுதப்பட்டது என்பதைத் தானே படிக்க முடியாமல் நின்றார். 1717-ல் சிறையிலேயே இறந்துபோனார். பிறகு குற்றமற்றவர் என்று தீர்ப்பு மாறியது. அவர் மகன் பாரிஸ் வரை போய் முறையிட்டு, ஷெவாலியர் பட்டத்தோடு ஊர் திரும்பினார்.

அடுத்த தலைமுறையில் ஆனந்தரங்கர். 1736-லிருந்து அவர் எழுதிய நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருப்பது பெரிய அதிர்ஷ்டம். அதில் எனக்குப் பிடித்த பகுதிகள் போர் பற்றியவை இல்லை. கவர்னர் துய்ப்ளேயின் மனைவி ழான்மீது பிள்ளை கொட்டும் எரிச்சல்தான். அந்த அம்மாள் புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசுவார். துரை வீட்டுக்குள்ளேயே தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் துபாஷியின் நிலைமை என்ன ஆவது? ஊர்க்காரர்கள் பின்வாசல் வழியாக அம்மாளிடம் போய்விடுகிறார்கள். பிள்ளைக்குக் கோபம் வராமல் இருக்குமா! பாஷை தெரியாத துரைதான் துபாஷிக்கு மூலதனம். அந்த மூலதனத்தில் அம்மாள் கை வைத்தார்.

சரி, உங்கள் பார்சி நண்பருக்கு வருவோம். பம்பாயில் இதே சொல் கொஞ்சம் வேறு திசையில் போனது. துறைமுகத்துக்கு வரும் கப்பலில் ஏறிப் பேசி, அதற்கு வேண்டிய தண்ணீர், அரிசி, உப்புக்கண்டம், கயிறு, பாய்த்துணி எல்லாம் சப்ளை செய்பவர் அங்கே துபாஷ். மாலுமிகளின் மொழி தெரிந்தால்தான் அந்தத் தொழில் நடக்கும் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. பார்சிகள் ஆங்கிலேயர் காலத்தில் நிலையான குடும்பப்பெயர் வைத்துக்கொண்டபோது செய்த தொழிலையே பெயராக்கினார்கள். நாரி கான்ட்ராக்டர், ஃபரூக் இன்ஜினியர் என்று கிரிக்கெட்டில் கேட்ட பெயர்களெல்லாம் அப்படி வந்தவைதான். வக்கீல், மிஸ்திரி, தாருவாலா எல்லாம் அந்த வரிசையே. காலா கோடாவில் கே. துபாஷ் மார்க் என்று ஒரு சாலை உண்டு, நீங்கள் அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள். பழைய ராம்பார்ட் ரோதான் அது.

இரண்டு மொழிக்காரன் குடும்பப்பெயராவது பார்சிகளிடம் மட்டும் நடந்த விஷயமும் இல்லை. ரஷ்யாவில் தொல்மாச்சோவ், ஜெர்மன் மொழி பேசுவோரிடம் டோல்மெட்ச், இரண்டுமே துருக்கிய வேர் ஒன்றிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளன்தான். அரபியில் தர்ஜுமான். அதிலிருந்து யூதர்களிடம் துர்ஜுமான், உக்ரைனில் திரகோமானோவ். அந்த அரபுச் சொல்லின் தங்கை நம் வீட்டிலும் இருக்கிறாள். தமிழ் முஸ்லிம்கள் குர்ஆன் மொழிபெயர்ப்பைத் தர்ஜமா என்றுதான் சொல்வார்கள். மலேசியாவில் கோர்ட்டுக்குப் போன தமிழர்களுக்கு ஜூருபஹாசா, அதாவது மொழிபெயர்த்துச் சொல்பவர், தெரிந்திருக்கும். அந்த பஹாசாவும் நம் பாஷையும் ஒன்றே.

அப்படியானால் இத்தனை துபாஷிகள் வாழ்ந்த சென்னையிலும் புதுச்சேரியிலும் உங்கள் நண்பரைப் போல அதைக் குடும்பப்பெயராகச் சுமப்பது தமிழ்க் குடும்பங்களிடம் ஏன் பரவலாகவில்லை? நமக்குக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை என்பது பாதி பதில். தகப்பன் பெயரின் முதல் எழுத்தோடு நாம் நின்றுவிடுவோம். மீதிப் பாதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. துபாஷி என்பது சம்பாதிக்கும்போது இருக்கும் பெயர். சம்பாதித்த பிறகு யாரும் அதை வைத்துக்கொள்ள விரும்பவில்லை. பச்சையப்ப முதலியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1754-ல் பிறந்து 40 வயதிலேயே இறந்த அவர் துபாஷியாகப் பணம் சேர்த்தவர். உயிலில் கோயில்களுக்கும் தர்மத்துக்கும் எழுதிவைத்தார், பல வருட இழுபறிக்குப் பின் அந்தப் பணத்திலிருந்து 1842-ல் பள்ளிக்கூடம் வந்தது, அதுவே கல்லூரியாக வளர்ந்தது. பஸ்ஸில் "பச்சையப்பாஸ்" என்று டிக்கெட் கேட்கும் யாருக்காவது துபாஷி என்ற சொல் நினைவுக்கு வருமா? கவர்னர் பிகட்டின் துபாஷி முத்துக்கிருஷ்ண முதலியார், சென்னகேசவப் பெருமாள் கோயிலை மறுபடி கட்டியதில் பெரும்பங்கு கொடுத்தவர், ராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயரை ஆதரித்தவர். அவர் பெயரோடு ஒட்டி நின்றது மணலி என்ற ஊர். ஊரும் சாதிப் பட்டமும் கோயிலும் கல்லூரியும் பெயரை எடுத்துக்கொண்டன. தொழில் பத்திரத்தில் "ஜீவனம்" என்ற இடத்தில் மட்டும் தங்கிவிட்டது. உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு நடந்ததும் அதுதானே.

இனி அவரைப் பற்றி. 1894 என்பதைக் கவனியுங்கள். ஆனந்தரங்கர் இறந்தது 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுவதற்குச் சில நாள் முன்னால். இடையில் 130 வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் துபாஷியின் மவுசு நன்றாகக் குறைந்துவிட்டது. துரைமார்கள் முன்ஷி (மொழி வாத்தியார்) வைத்துத் தமிழும் தெலுங்கும் படித்தார்கள், நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் இங்கிலீஷ் படித்தார்கள், இரண்டு பக்கமும் நடுவில் ஆள் தேவையில்லாமல் போனது. அந்தக் காலச் சென்னையில் துபாஷி என்றால் வெள்ளைக்காரக் கம்பெனிகளில் உள்ளூர் வியாபாரிகளோடு பேசும் தரகராக இருக்கலாம், துரைக்குக் கோட்டு மாட்டிவிடும் வேலைக்காரராகவும் இருக்கலாம். சமஸ்தானத் திவான்போல நடமாடிய சொல் ஒரே நூற்றாண்டில் துணி அலமாரி வரைக்கும் இறங்கிவிட்டது. ஆகவே ஆனந்தரங்கப் பிள்ளையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தரகர், வேலைக்காரர் இரண்டில் எது என்று கேட்டால், எனக்கு உங்கள் பாட்டி சொன்னதுதான் சாட்சி. ராயபுரம் துறைமுகத்துக்குப் பக்கம். திண்ணையில் பிஸ்கட் டின். கப்பலுக்குச் சாமான் கொடுத்த துபாஷியாகத்தான் இருக்க வேண்டும், மும்பைப் பொருளில். உங்கள் நண்பர் சொந்தக்காரர் என்று சொன்னதை ரத்தத்தில் தேடாதீர்கள். தொழிலில் அவர் பங்காளி முறை ஆகலாம்.

ஒரு வேலை சொல்கிறேன். பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரம் இருக்கும், நான்கு எல்லையும் யார் யார் வீடு, கிடங்கு என்று எழுதியிருப்பார்கள். அதைப் படித்துப் பாருங்கள். கிழக்கிலோ வடக்கிலோ ஒரு பண்டகசாலை இருந்தால் என் ஊகத்துக்குப் பலம் கூடும். அப்புறம், கொள்ளுத்தாத்தா விற்றவராக இருந்தால் பக்கத்தின் அடியில் அவர் கையெழுத்து இருக்குமே, போட்டோவில் அந்தப் பகுதியை நீங்கள் வெட்டிவிட்டீர்கள் போல. அவர் தமிழில் போட்டிருக்கிறாரா, இங்கிலீஷிலா? பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.