நைட் சாட்டும் பகல் முகமும்

அன்புள்ள அக்கா,

கோவையில் பி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், ஹாஸ்டல்வாசி. க்ளாஸ் பையன் ஒருவனோடு ஆறேழு மாதமாக வாட்ஸப்பில் சாட் ஓடுகிறது. இரவு பதினொன்றுக்கு ஆரம்பித்தால் ஒரு மணி ஆகிவிடும். அம்மாவிடம் சொல்லாததைக்கூட அவனிடம் சொல்லியிருக்கிறேன். காலையில் லேபில் எதிரே வந்தால் தெரியாதவன் மாதிரி போகிறான். போன மாதம் ப்ளூ டிக்கையும் லாஸ்ட் சீனையும் மறைத்துவிட்டான். இப்போது க்ளாஸ் குரூப்பில் ஏதாவது சந்தேகம் கேட்டுவிட்டு, அந்த மெசேஜின் இன்ஃபோவைத் திறந்து அவன் படித்தானா என்று பார்க்கிறேன். குரூப்பில் மட்டும் மறைக்க முடியாதே! ‘நமக்குள்ள என்ன?’ என்று கேட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பசங்க குரூப்பில் போட்டுவிடுவானோ என்று பயம். ரூம்மேட் இதை ‘சிச்சுவேஷன்ஷிப்’ என்கிறாள், அதாவது காதலா நட்பா என்று பெயர் வைக்காமலே ஓடும் உறவு. நான்தான் ஓவராக எதிர்பார்க்கிறேனா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

லேப் ரெக்கார்டு நோட்டை எப்போது கொடுக்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே குரூப்பில் கேட்டிருப்பாய். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

2014 நவம்பரில் வாட்ஸப்பில் ப்ளூ டிக் வந்தபோது எழுந்த கூச்சலில், சீக்கிரமே அதை அணைத்துவைக்கவும் வழி செய்து கொடுத்தார்கள். ஒரு நிபந்தனையோடு: தன்னுடையதை மறைப்பவருக்கு அடுத்தவருடையதும் தெரியாது. ஆக, நீ படித்தாயா இல்லையா என்பது இப்போது அவனுக்கும் தெரியாது. அது தெரியாமல் அவன் நிம்மதியாகத் தூங்குகிறான். நீ இன்ஃபோவைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாய். உன் கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே வந்துவிட்டது.

அவன் பக்கமும் கொஞ்சம் பேசிவிடுகிறேன். நம் ஊரில் பல தனியார் கல்லூரிகளில் பெண்களுக்குத் தனிப் படிக்கட்டு, பஸ்ஸில் தனி வரிசை, வராண்டாவில் நின்று பேசினால் வீட்டுக்கு போன். பகலில் பேசவே இடமில்லாத பிள்ளைகளுக்கு ராத்திரியும் போனும்தான் மிச்சம். எனவே அவன் ஏமாற்றுக்காரன் என்று அடித்துச் சொல்லமாட்டேன், பயந்தாங்கொள்ளியாகவும் இருக்கலாம். ஆனால் பயந்தவன் அன்றைக்கே ‘மேம் நின்னாங்க, அதான் பார்க்கல’ என்று ஒரு வரி அனுப்பியிருப்பான். அப்படி ஒரு வரி எப்போதாவது வந்ததா?

இன்னொன்று. மாட்டிக்கொண்டால் அவனுக்குத் திட்டு விழும், அதோடு சரி. உனக்கோ படிப்பை நிறுத்திவிட்டு ஜாதகத்தைக் கையில் எடுப்பார்கள். இவ்வளவையும் நீ சுமக்கும்போது, எதிரே வருகிறவன் லேசாகத் தலையசைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்தக் கணக்கில் ஓவர்?

ஸ்கிரீன்ஷாட் பயம் நியாயமானதுதான். அதனால் டைப் பண்ணாதே, நேரில் கேள். மத்தியானம், கேன்டீன் வாசலில், ரூம்மேட் நாலடி தள்ளி நிற்கட்டும். நீளமாகப் பேச வேண்டாம். ‘ராத்திரி பேசுறே, பகல்ல தெரியாத மாதிரி போறே, ஏன்?’ அவ்வளவுதான். போட்டோ ஏதாவது அனுப்பியிருந்து அதை வைத்து மிரட்டினால் அது வேறு விவகாரம். அப்போது அவனிடம் கெஞ்சிக்கொண்டு நிற்காமல் 181-க்கு போன் போடு, பெண்களுக்கான உதவி எண் அது.

‘நைட் மெசேஜ் பண்றேன்’ என்று நழுவினான் என்றால், அன்றைக்கு போனை ரூம்மேட்டிடம் கொடுத்துவிட்டுப் பத்து மணிக்கே படுத்துவிடு. காலையில் லேப் இருக்கிறதில்லையா?

அன்புடன்,
அக்கா