எந்தத் தோட்டா உங்க துப்பாக்கில சிக்காம ஓடுது?

கேள்வி கேட்டவர் டல்லாஸ்ல இருக்கார், போன வருஷம் கிரீன் கார்டு வந்திருக்கு, மூணு இஞ்ச் பேரல் வச்ச குட்டி 9 எம்எம் பிஸ்டல் ஒண்ணு வாங்கிட்டார், அத இடுப்புல மறைச்சு வச்சுக்கிட்டுப் போக எந்தத் தோட்டா போடணும், கடைல போய் நின்னா இருபது முப்பது வகை டப்பா அடுக்கி வச்சிருக்கான், ஒண்ணும் புரியலன்னு கேட்டிருக்கார்.

கிரீன் கார்டுன்னு சொன்னதாலதான் பதில் எழுதறேன். இத படிக்கிறவங்கள்ல எச்1பி-ல இருக்கறவங்க நிறைய பேர் இருப்பீங்க, உங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். நான்-இமிக்ரன்ட் விசால இருக்கறவங்க துப்பாக்கி மட்டும் இல்ல, ஒத்தத் தோட்டா கையில வச்சிருந்தாலும் ஃபெடரல் சட்டப்படி குத்தம். ஹன்டிங் லைசென்ஸ் மாதிரி ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு இருக்கு, ஆனா அத நண்பன் சொன்னான்னு நம்பி இறங்காதீங்க, வக்கீல்கிட்ட கேட்டுட்டு செய்ங்க. விசாவே போயிடும்.

நான் ஹூஸ்டன் பக்கத்துல கேஸ் ஸ்டேஷனோட சேர்ந்த ஒரு சின்னக் கடை நடத்துறேன். ராத்திரி பதினொன்றரைக்கு கல்லாவ எண்ணிப் பூட்டிட்டு தனியாத்தான் காருக்கு நடக்கணும். ஒன்பது வருஷமா கேரி பண்றேன், ஒரு தடவகூட வெளிய எடுக்க வேண்டி வரல, வரவும் கூடாதுன்னுதான் தினமும் சாமிய கும்பிட்டுட்டு கிளம்பறேன்.

சரி, தோட்டாவுக்கு வரேன். கடைல ரெண்டு பெரிய ஜாதி இருக்கும். ஒண்ணு ஃபுல் மெட்டல் ஜாக்கெட், முனை உருண்டையா மொழுமொழுன்னு இருக்கும், விலை கம்மி, ரேஞ்ச்ல பழகறதுக்கு. இன்னொண்ணு ஹாலோ பாயிண்ட், முனைல குழி இருக்கும், விலை மூணு நாலு மடங்கு. கேரி பண்றதுக்கு ஹாலோ பாயிண்ட்தான். "ஐயோ அது கொடூரமான தோட்டா இல்லையா"ன்னு என் மனைவியே கேட்டா. அந்தக் கெட்ட பேரு வந்ததுக்கும் நம்ம நாட்டுக்கும் சம்பந்தம் இருக்கு, கல்கத்தா பக்கத்துல டம்டம் ஆயுதத் தொழிற்சாலைல 1890கள்ல பிரிட்டிஷ்காரன் செஞ்ச விரியற தோட்டாவத்தான் டம்டம் புல்லட்டுன்னாங்க, 1899ல ஹேக்ல கூடி போர்ல அந்த மாதிரி தோட்டா போடக்கூடாதுன்னு எழுதி வச்சாங்க. ஆனா அது நாடுகளுக்கு நடுவுல நடக்கற போருக்கு. ஊருக்குள்ள கதை வேற. ஃபுல் மெட்டல் ஜாக்கெட் ஆள துளைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிடும், மனுஷ சதைக்குப் பதிலா வச்சு சோதிக்கற ஜெலட்டின் கட்டில சுட்டுப் பார்த்தா ரெண்டு அடிக்கு மேல போகுது. நியூயார்க் போலீஸ் 1990கள் வரைக்கும் அதத்தான் வச்சிருந்தாங்க, குறுக்கத் தாண்டிப் போற குண்டு வழில போறவங்க மேலயும் சக போலீஸ் மேலயும் பட்ட பிறகுதான் ஹாலோ பாயிண்டுக்கு மாறினாங்க. குழிக்குள்ள ஈரமான திசு புகுந்ததும் அந்த அழுத்தத்துல முனை விரியும், விரிஞ்சா வேகம் குறைஞ்சு உள்ளேயே நிக்கும். ரேஞ்ச்ல ஒருத்தர் ஜெலட்டின் கட்டில இருந்து எடுத்த ஒரு புல்லட்ட என் உள்ளங்கைல வச்சார், எருக்கம்பூ விரிஞ்ச மாதிரி இதழ் இதழா பின்னாடி மடிஞ்சிருந்துச்சு, ஓரம் பிளேடு மாதிரி, கொஞ்சம் சூடு இருந்துச்சு. அத ரொம்ப நேரம் கையிலயே வச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தேன், இது ஒரு மனுஷன் உடம்புக்குள்ள நடக்கப்போற விஷயம்ங்கற நினைப்பு அன்னைக்குத்தான் எனக்கு முழுசா உறைச்சுது.

இது எங்க போய் நிக்கும்ங்கறதுதான் எல்லாத்தவிட முக்கியம். நம்ம ஊர் செங்கல் சுவர் நினைப்புல இங்க இருக்காதீங்க. இங்க வீட்டுச் சுவர்னா மரச்சட்டத்துல ரெண்டு பக்கமும் அரை இஞ்ச் ஜிப்சம் அட்டை, அவ்வளவுதான். எந்தத் தோட்டாவா இருந்தாலும் ரெண்டு மூணு சுவர் தாண்டும், ஹாலோ பாயிண்டும் தாண்டும், ஏன்னா சில நேரம் அந்த ஜிப்சம் பொடி குழிய அடைச்சிடும், அப்புறம் அது விரியாது. டெக்சாஸ் பீனல் கோடுல 9.05ன்னு ஒரு செக்‌ஷன் இருக்கு, உங்க உயிரக் காப்பாத்திக்க சுட்டது நியாயமாவே இருந்தாலும், கண்ணு மண்ணு தெரியாம சுட்டு சம்பந்தமில்லாத ஒருத்தர் மேல பட்டுச்சுன்னா அந்த நியாயம் உங்களக் காப்பாத்தாது. பக்கத்து ரூம்ல யார் தூங்கறாங்கன்னு யோசிங்க.

அதுக்காக ரொம்ப ஆழம் போகாத தோட்டாவும் ஆபத்து. 1986 ஏப்ரல் 11, மியாமில எஃப்பிஐ காரங்க எட்டு பேர் ரெண்டு பேங்க் கொள்ளக்காரங்கள மடக்கினாங்க. ஆரம்பத்துலயே ஒருத்தனுக்கு 9 எம்எம் ஹாலோ பாயிண்ட் ஒண்ணு கைய துளைச்சு நெஞ்சுக்குள்ள போச்சு, இதயத்துக்குக் கொஞ்சம் முன்னாடி நின்னுடுச்சு. அவன் விழல, அதுக்கப்புறமும் சுட்டுக்கிட்டே இருந்தான், ரெண்டு ஏஜென்ட் செத்தாங்க, அஞ்சு பேருக்குக் காயம். அதுக்குப் பிறகுதான் எஃப்பிஐ உட்கார்ந்து டெஸ்ட் முறையே உருவாக்கினாங்க, பத்து சதவீத ஜெலட்டின்ல குறைஞ்சது 12 இஞ்ச், அதிகபட்சம் 18 இஞ்ச் போகணும், கனமான துணி, ஜிப்சம் சுவர், பிளைவுட், தகரம், கார் கண்ணாடி தாண்டிப் போயும் அந்த அளவுக்குள்ள நிக்கணும்னு. நெஞ்சு 12 இஞ்ச் ஆழம் இருக்கான்னு கேக்காதீங்க, கை குறுக்க வரும், ஆள் பக்கவாட்டுல நிப்பான், அதுக்குத்தான் அந்தக் கணக்கு. நடுவுல 10 எம்எம், .40-ன்னு பெரிய தோட்டா எல்லாம் சுத்திட்டு எஃப்பிஐயே பத்துப் பன்னெண்டு வருஷம் முன்னாடி திரும்ப 9 எம்எம்-க்கு வந்துட்டாங்க, ஏன்னா தோட்டா செய்ற விதம் அவ்வளவு முன்னேறிடுச்சு. அதனால பெரிய கேலிபர், அதாவது இன்னும் அகலமான தோட்டா வேணும்னு கடைக்காரர் சொன்னா குழம்பாதீங்க.

இப்ப என் கதை. முதல்ல நான் வச்சிருந்தது பாக்கெட்ல அடங்கற .380, 9 எம்எம்-விட வலு கம்மியான தோட்டா போடறது. டப்பா மேல படம் பார்த்து ஒரு ஹாலோ பாயிண்ட் வாங்கினேன், ரெண்டு டப்பா, மேகசின்ல போட்டு அப்படியே ஏழெட்டு மாசம் வச்சுக்கிட்டு திரிஞ்சேன், ஒண்ணுகூட சுட்டுப் பாக்காம. விலை ஜாஸ்தி, வீணாக்க மனசு வரல. ஒருநாள் ரேஞ்ச்ல பழைய தோட்டாவ காலி பண்ணலாம்னு சுட்டேன், முதல் ரவுண்டு போச்சு, ரெண்டாவது போகல. ஸ்லைடு பாதில நிக்குது. பார்த்தா புல்லட்டோட அகல வாய் ஃபீட் ராம்ப்ல, அதாவது தோட்டா பேரலுக்குள்ள ஏறற சரிவுல முட்டி மூக்கு சப்பிப்போய் மாட்டிக்கிட்டு இருக்கு. எடுத்துட்டு திரும்ப சுட்டேன், நாலாவதுல அதே. அந்தத் தோட்டா மேல தப்பு இல்ல, அதே டப்பாவ பக்கத்து லேன்ல ஒருத்தர் அவர் துப்பாக்கில போட்டு சரசரன்னு சுட்டார். என் துப்பாக்கிக்கு அது ஒத்துவரல, அவ்வளவுதான். வீட்டுக்கு கார் ஓட்டிக்கிட்டு வரும்போது கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு, ஏழெட்டு மாசம் ஒத்தத் தோட்டாவ நம்பி ராத்திரி நடந்திருக்கேன்னு.

அதனால நான் சொல்றது இதுதான், பேர் பெத்த தோட்டால ரெண்டு மூணு எடுத்துக்கங்க, உங்க துப்பாக்கில சுட்டுப் பாருங்க, எது சிக்காம ஓடுதோ அதுதான் உங்க தோட்டா. ஃபெடரல் எச்எஸ்டி, ஸ்பியர் கோல்ட் டாட், ஹார்னடி கிரிட்டிக்கல் டிஃபென்ஸ், இந்த மூணுல ஆரம்பிச்சா தப்பா போக மாட்டீங்க. புல்லட்டோட எடைய கிரெயின்ங்கற அளவுல போட்டிருப்பான், முதல் ரெண்டுலயும் 124 இல்லன்னா 147 எடுங்க, ஹார்னடில 115, நான் போடறது 124 எச்எஸ்டி. பிளஸ் பி-ன்னு அழுத்தம் கூட்டினது வேண்டாம், குட்டித் துப்பாக்கில உதை ஜாஸ்தி, ரெண்டாவது குண்டு குறி தப்பும். உங்களது மூணு இஞ்ச் பேரல்ங்கறதால ஒரு விஷயம், டப்பா மேல போட்டிருக்கற வேகம் பெரும்பாலும் நாலு இஞ்ச் பேரல்ல அளந்தது, உங்களதுல குறையும், குறைஞ்சா விரியாமலும் போகலாம். லக்கி கன்னர்ங்கற கடைக்காரங்க நாலு அடுக்கு துணிய ஜெலட்டின் முன்னாடி வச்சு சின்ன பேரல் துப்பாக்கில சுட்டு போட்டோவோட போட்டிருக்காங்க, வாங்கறதுக்கு முன்னாடி அத ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்க. .380-ல இதுதான் தலைவலி, விரிஞ்சா ஆழம் போகாது, ஆழம் போனா விரியாது.

எத்தன சுட்டுப் பாக்கணும்? சிலர் 200-ன்னு சொல்றாங்க, தோட்டா விக்கற விலைக்கு அது எல்லாராலயும் முடியாது. நான் ஐம்பது ரவுண்டு டப்பா ரெண்டு வாங்கினேன், வச்சிருக்கற ரெண்டு மேகசின்லயும் மாத்தி மாத்தி, முழுசா நிரப்பி, ஒரு கையால, இடது கையால, பிடிய கொஞ்சம் தளர்த்தி எல்லாம் சுட்டேன். ஒரு தடவகூட சிக்கல. ஒண்ணு சிக்கியிருந்தாலும் வேற தோட்டா பார்த்திருப்பேன்.

இன்னொண்ணு பலபேர் கவனிக்கறதில்ல. தினமும் ராத்திரி துப்பாக்கிய அன்லோடு பண்ணிட்டு காலைல அதே தோட்டாவ திரும்ப சேம்பர்ல ஏத்துவோம். ஒவ்வொரு தடவையும் மூக்கு ராம்ப்ல இடிச்சு புல்லட், மருந்து இருக்கற பித்தளைக் கூட்டுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், இறங்கினா சுடும்போது அழுத்தம் எகிறும், துப்பாக்கி கையிலயே வெடிக்கற அளவுக்குக்கூட போகலாம். என்னோடதுல ஒண்ண எடுத்து புதுத் தோட்டா பக்கத்துல சமையல் மேடைல நிக்க வச்சு கண்ண கிட்ட கொண்டுபோய்ப் பார்த்தேன், நல்லாவே குள்ளமா தெரிஞ்சுது. அன்னைல இருந்து ஒரே தோட்டாவ ரெண்டு மூணு தடவைக்கு மேல ஏத்தறதில்ல, ஹூஸ்டன் வேர்வைக்கு பயந்து வருஷம் ஒரு தடவ மொத்தத்தையும் ரேஞ்ச்ல சுட்டு தீர்த்துட்டு புதுசு போடறேன்.

எடிசன் பக்கம் இருக்கறவங்களுக்கு, நியூஜெர்சில கேரி பெர்மிட் இருந்தாலும் ஹாலோ பாயிண்ட் இடுப்புல வச்சு வெளிய நடக்கக்கூடாது, வீட்டுல வச்சுக்கலாம், ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போலாம். குழிய பாலிமரால அடைச்ச கிரிட்டிக்கல் டிஃபென்ஸ் மாதிரித்தான் அங்க போடறாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி அந்தந்த மாநிலச் சட்டத்த ஒருதரம் பார்த்துடுங்க.

கடைசியா, ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போற பைய ஊருக்குப் போறதுக்கு எடுக்கவே எடுக்காதீங்க. பை ஓரத்துல ஒத்தத் தோட்டா தங்கியிருந்து சென்னை ஏர்போர்ட் ஸ்கேனர்ல தெரிஞ்சா ஆர்ம்ஸ் ஆக்ட் கேஸ், தெரியாம வந்துடுச்சுன்னு நிரூபிக்கறதுக்குள்ள லீவே முடிஞ்சுடும். என் வீட்டுல அதுக்குன்னு ஒரு சிவப்புப் பை, கராஜ்ல பூட்டு போட்ட பெட்டில இருக்கு, பசங்களும் தொட முடியாது.