நானோ துகள் இருக்கட்டும், இடது கண்ணைக் காட்டினீர்களா?

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம், செய்தியில் படித்த நானோ துகள் மரபணு சிகிச்சை உங்கள் கண்ணைக் காப்பாற்றுமா என்ற கேள்விதான். கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: மூன்று வாரமாக இடது கண்ணில் எழுத்து கலங்குகிறது, வரிகள் நெளிகின்றன, நோய் முற்றுகிறது போல. எனக்கு முக்கியம் அந்த ஒரு வரிதான்.

உங்களுக்கு இருப்பது ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா. சிறுவயதில் இருட்டில் தடுமாறுவதாகத் தொடங்கி, பக்கப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கும் பரம்பரை நோய். அது வருடக் கணக்கில் நகரும். மூன்றே வாரத்தில் ஒரு கண்ணின் நடுப்பார்வையை மட்டும் கெடுப்பது அதன் குணம் இல்லை. அப்படி ஆனால் வேறு ஏதோ நடக்கிறது. இந்த நோய் உள்ளவர்களிடம் நாங்கள் அடிக்கடி பார்ப்பது, விழித்திரையின் நடுவில் உள்ள மாக்குலாவில் நீர் கோத்துக்கொள்வது. விழித்திரையை அடுக்கடுக்காகப் படம்பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஊசி இல்லை, வலி இல்லை. நீர்தான் என்றால் டார்சோலமைடு சொட்டு மருந்தோ அசெட்டசோலமைடு மாத்திரையோ பலருக்கு அதைக் குறைக்கிறது. மாத்திரை சிறுநீரகக் கல்லைக் கிளப்பக்கூடியது, அதனால் பெயர் தெரிந்துவிட்டதே என்று நீங்களே வாங்கிப் போடாதீர்கள். நீர் மாதக்கணக்கில் அங்கேயே நின்றால், அப்புறம் வற்றினாலும் பார்வை முழுதாகத் திரும்பாமல் போகலாம். ‘இதற்குத்தான் மருந்தே இல்லையே’ என்று வீட்டிலேயே இருந்துவிட்டுத் தாமதமாக வருபவர்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. உங்கள் பரம்பரை நோய்க்கு மருந்து இல்லாமல் இருக்கலாம், இதற்கு இருக்கிறது. இந்த வாரத்துக்குள் விழித்திரை மருத்துவரைப் பாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது போல நிழல் தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

கண்ணோரத்தில் மினுக்மினுக்கென்று ஒளி தெரிவதாகப் பயந்திருக்கிறீர்கள். வருடக்கணக்காக அப்படியே இருக்கிறது என்றால் இந்த நோயில் அது சகஜம், விட்டுவிடுங்கள். செல்போன் பார்ப்பதால் நோய் வேகமாகாது. கண்ணாடியின் பவர் மாறியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

வைட்டமின் ஏ விஷயத்தை அப்படி விட முடியாது. யாரோ வீடியோவில் சொன்னார் என்று தினம் 25,000 யூனிட், ஆறு மாதமாக! இன்றோடு நிறுத்துங்கள். ஒரு காலத்தில் சில மருத்துவர்கள் இதைவிடக் குறைந்த அளவில், ரத்தப் பரிசோதனைக் கண்காணிப்போடு கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் உங்கள் நோய்க்குக் காரணமான மரபணு எது என்றே உங்களுக்குத் தெரியாது. அது ஏ.பி.சி.ஏ.4 ஆக இருந்தால், வைட்டமின் ஏ-யின் கழிவு விழித்திரையில் தேங்குவதுதான் பிரச்சினையே. அதற்குத்தான் நீங்கள் தினமும் தீனி போடுகிறீர்கள். கல்லீரல் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

சரி, நானோ துகளுக்கு வருவோம். கண்ணுக்கான மரபணு சிகிச்சை கனவு அல்ல. ஆர்.பி.ஈ.65 என்ற ஒரே ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானவர்களுக்கான லக்ஸ்டர்னா மருந்துக்கு 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதைச் சுமந்து செல்வது தீங்கில்லாத ஒரு வைரஸ். அந்த வைரஸின் பை சிறியது: ஏறக்குறைய 4,700 மரபணு எழுத்துகள்தான் கொள்ளும். ஏ.பி.சி.ஏ.4-க்கு மட்டும் சுமார் 6,800 எழுத்துகள் வேண்டும். காது கேளாமையும் சேர்ந்து வரும் அஷர் நோய்க்கான ஒரு மரபணு 15,000-ஐத் தாண்டும். இங்கேதான் கொழுப்பாலான நானோ துகள்கள் வருகின்றன. பெரிய சரக்கையும் ஏற்றலாம், கோவிட் தடுப்பூசிகளில் எம்.ஆர்.என்.ஏ.-வை, அதாவது புரதம் செய்யச் செல்லுக்குச் சொல்லும் குறிப்பை, சுமந்ததும் இவைதான்.

சிக்கல் விலாசத்தில் இருக்கிறது. விழித்திரைக்குள் செலுத்தினால் இவை பெரும்பாலும் அடியிலுள்ள நிறமிச் செல்களிலேயே தங்கிவிடுகின்றன, ஒளியை உணரும் செல்களுக்குப் போய்ச் சேருவதில்லை. 2023-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் துகளின் மேல் ஒரு சிறு புரதத் துண்டை ஒட்டி, எலியிலும் குரங்கிலும் ஒளியுணர் செல்கள் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நீங்கள் படித்த பரபரப்புச் செய்தியின் வேர் இப்படிப்பட்ட ஆய்வுகள்தான். அங்கே துகள் சுமந்து போனது ஒளிரும் புரதம் ஒன்றைச் செய்யச் சொல்லும் எம்.ஆர்.என்.ஏ. நோயைத் தீர்க்கும் சரக்கு அல்ல. எம்.ஆர்.என்.ஏ. சில நாளில் கரைந்தும் விடும். மரபணுவைத் திருத்தும் கத்தரியை ஒரே ஒரு முறை அனுப்ப அது போதும், ஆயுள் முழுக்கப் புரதம் சுரக்க வைக்கப் போதாது. பரம்பரைப் பார்வையிழப்புக்கு அனுமதி பெற்ற நானோ துகள் மரபணு சிகிச்சை இன்று உலகில் எங்கும் கிடையாது. ‘நானோ சொட்டு மருந்து’ என்று யாராவது விற்றால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நேராகக் கேட்காத கேள்வி ஒன்று கடிதம் முழுக்க இருக்கிறது: சிகிச்சை வருவதற்குள் என் கண் போய்விட்டால்? இதில் பொய் சொல்ல மாட்டேன். மரபணு சிகிச்சை உயிரோடு இருக்கும் செல்லைத்தான் காப்பாற்றும், செத்ததை எழுப்பாது. லக்ஸ்டர்னா பெற்றவர்களும் மங்கிய வெளிச்சத்தில் தடுமாறாமல் நடக்கும் திறனில்தான் முன்னேற்றம் கண்டார்கள், எல்லோரையும் போலப் பார்வை பெறவில்லை. ஆனால் உங்கள் வயது 34, மூன்று வாரத்துக்கு முன்புவரை இரு கண்ணாலும் படித்திருக்கிறீர்கள். இந்த நோயில் நடுப்பார்வைதான் கடைசியாகப் போவது. பலர் நடுவயது தாண்டியும் படிக்கிறார்கள். அந்த நடுப்பார்வையை நீருக்குப் பறிகொடுக்காதீர்கள் என்றுதான் முதலிலேயே கத்தினேன்.

அடுத்தது மரபணுப் பரிசோதனை. இந்த நோய்க்கு 80-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் காரணமாகலாம். உங்களுடையது எது என்று தெரியாமல் எந்தச் செய்தியைப் படித்தும் பயனில்லை. மகனுக்கு வருமா என்ற கேள்விக்கும் பதில் அதில்தான். எக்ஸ் குரோமோசோம் வழி வருவதென்றால் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாது. மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் வரும் ஒடுங்கு வகை என்றால் உங்கள் மனைவியும் அதே மரபணுவில் பிழையைச் சுமந்தால்தான் ஆபத்து. ஒரு பிரதி பழுதானாலே வரும் ஓங்கு வகை என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகன் இருட்டில் தடுமாறுகிறானா என்று தினமும் சோதித்து அவனைப் பயமுறுத்த வேண்டாம்.

ஆய்வில் சேர்வதாக இருந்தால், சிகிச்சைக்குப் பணம் கேட்கும் ஆய்வு ஆய்வே இல்லை. ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் ஊசி போடுகிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஃபுளோரிடாவில் மூன்று பெண்கள் பணம் கட்டி இரு கண்ணிலும் ‘ஸ்டெம் செல்’ ஊசி போட்டுக்கொண்டு பார்வை இழந்தது 2017-இல் மருத்துவ இதழிலேயே வந்தது.

மரபணு அறிக்கை கைக்கு வந்ததும் அதிலுள்ள பெயரை எனக்கு எழுதுங்கள். ஓ.சி.டி. எடுக்க அதுவரை காத்திருக்க வேண்டாம்.